மழை நாளில் வற்றிய ஆறு

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தின் மாடி அறையில் ஒரு சுவர் முழுக்க வரைபடம். நடுவில் தடித்த நீலக் கோடாகப் பெரிய ஆறு. இரண்டு பக்கமும் அதில் வந்து சேருகிற துணையாறுகள் நான்கு. வரைபடத்தில் அவற்றுக்கு நீளநீளமாகப் பெயர்கள் அச்சாகியிருந்தன. அந்த அறையில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. பெரிய ஆறு 'பெரியவர்'. மேற்கே மொட்டைப் பாறைகளிலிருந்து இறங்கி, மழை பெய்த ஆறு மணி நேரத்துக்குள் பொங்கி, மறுநாளே ஒன்றும் நடக்காதது போல அடங்கிவிடுவது 'முன்கோபி'. சமவெளியில் சுற்றிச் சுற்றி நடந்து, மேலே பெய்த மழையை மூன்றாம் நாள் கொண்டுவந்து சேர்ப்பது 'சோம்பேறி'. இரண்டு ஓடைகள் பின்னிக்கொண்டு வருவது 'இரட்டைச்சடை'. நகரத்துக்குச் சற்று மேலே கடைசியாக வந்து சேருவது 'கடைக்குட்டி'. அது அடர்ந்த காட்டு மலையிலிருந்து வருவது. பெய்த மழையை மண் குடித்துவிட்டு மெல்ல மெல்லத்தான் கீழே விடும். அதனால் யாருக்காவது தொல்லை என்று பதிவேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

இந்தப் பெயர்களை வைத்தவள் அந்த அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிற கணிப்பாளர். அலுவலகத்தில் அவளை ஆத்தக்கா என்றார்கள். ஆறு பார்க்கிற அக்கா என்று அர்த்தம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஆறுகளின் ஓரத்தில் இருக்கிற அளவாளர்கள் பாலத் தூணில் பதித்த பலகையைப் பார்த்து நீர்மட்டத்தைத் தொலைபேசியில் சொல்வார்கள். அவள் எழுதிக்கொண்டு, எந்தத் தண்ணீர் எப்போது நகரத்துக்கு வந்து சேரும் என்று கணக்குப் போடுவாள். அளவாளர்கள் யாருக்கும் அது முழுநேர வேலை இல்லை. முன்கோபிக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். சோம்பேறிக்காரர் பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர். கடைக்குட்டிக்காரர் தையல்காரர். பதினோரு வருடத்தில் அவள் இவர்களில் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் இருமலை வைத்தே யாருக்குச் சளி என்று சொல்லிவிடுவாள்.

அன்று காலை ஐந்தரைக்கே வந்துவிட்டாள். ராத்திரி முழுக்க மலைப்பக்கம் மழை. ஆறு மணிக்கு முன்கோபி ஏறிக்கொண்டிருந்தது. இரட்டைச்சடையும் ஏறிக்கொண்டிருந்தது. சோம்பேறி வழக்கம்போல இன்னும் விழிக்கவில்லை. கடைசியாகத் தையல்காரர் கூப்பிட்டார்.

"ரெண்டு புள்ளி நாலு ஒண்ணு, மேடம். மழை நூத்திப் பதினெட்டு."

அவள் எழுதப் போன பேனாவை நிறுத்தினாள். முந்தின நாள் சாயங்காலம் அவர் சொன்னது இரண்டு புள்ளி எட்டு ஆறு.

"அண்ணா, மூணு புள்ளி நாலு ஒண்ணா?"

"இல்லை மேடம். ரெண்டுதான்."

"நூத்திப் பதினெட்டு மில்லிமீட்டர் மழை பெஞ்சிருக்கு. ஆறு இறங்கியிருக்குன்னு சொல்றீங்க."

மறுமுனையில் யாரோடோ குசுகுசுவென்று பேசுவது போல இருந்தது. பிறகு, "ஆமாம் மேடம். இறங்கித்தான் இருக்கு," என்றார்.

"ஒண்ணரை மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

ஏழரைக்கு ஒன்று புள்ளி ஒன்பது நான்கு. ஒன்பதுக்கு ஒன்று புள்ளி மூன்று. வெளியே ஜன்னல் கண்ணாடியில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்துபோய் வரைபடத்தின் முன்னால் நின்றாள். கடைக்குட்டியின் கோட்டில் விரலை வைத்து மேலே நகர்த்திக்கொண்டே போனாள். அளவுப்பலகைக்குப் பதினாலு கிலோமீட்டர் மேலே, மலை உயரத்தைக் காட்டும் கோடுகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து ஆற்றைக் கிடுக்கி மாதிரிப் பிடித்திருந்த ஓர் இடம் இருந்தது. மலையில் மழை கொட்டுகிறது. கீழே தண்ணீர் குறைகிறது. அப்படியானால் தண்ணீர் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அந்தக் கிடுக்கியில் மலைச்சரிவு விழுந்து ஆற்றை அடைத்திருந்தால் இப்படித்தான் நடக்கும். மண்ணும் மரமுமாகக் குவிந்த அணை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைந்தால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த தண்ணீர் ஒரே மூச்சில் வரும்.

எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு நேராகப் பொறியாளர் அறைக்குப் போனாள்.

பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. கடைசி ஸ்பூன் சர்க்கரையைக்கூட அடுத்தவர் டீயில் போடுகிறவர். ஆனால் போன வருட மழைக்காலத்தை அவர் மறக்கவில்லை. முன்கோபி பொங்குகிறது, நகரத்தின் கரைத்தெருவில் தண்ணீர் கட்டாயம் ஏறும் என்று ஆத்தக்கா கணித்தாள். தெருவையே காலி செய்யச் சொன்னார்கள். தண்ணீர் படித்துறையின் இரண்டாவது படியோடு திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் கடைக்காரர்கள் இந்த அலுவலக ஆட்களைப் பார்த்தாலே, "என்ன சார், இன்னைக்கு வெள்ளம் லீவா?" என்று கேட்டார்கள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அம்மா, உங்க யோசனை தப்புன்னு சொல்லலை. ஆனா இது முழுக்க ஒரே ஒரு ஆள் சொன்ன எண்ணு மேல நிக்குது. அந்தத் தையல்காரருக்குக் கண்ணுல ஆபரேஷன்னு லீவு கேட்டு எழுதினார், ஞாபகம் இருக்கா? கண்ணு சரியாத் தெரியாத மனுஷன் பலகையைத் தப்பாப் படிச்சிருந்தா?"

"மூணு தடவையுமா சார்?"

"மூணு தடவையும் அதே கண்ணுதானே."

அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. பத்து வருடமாகத் தையல்காரர் சொல்கிற எண்கள் எல்லாம் ஐந்திலோ பூஜ்யத்திலோதான் முடியும். துணிக்கு அளவெடுக்கிற மனிதர் ஆற்றுக்கு மட்டும் இப்படித் தோராயமாகச் சொல்கிறாரே என்று அவள் கிண்டல் பண்ணியதுகூட உண்டு. இரண்டு மாதமாகத்தான் நாலு ஒண்ணு, மூணு ஏழு, எட்டு ஆறு என்று துல்லியமாக வருகின்றன. புதுக் கண்ணாடி போட்டிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தாள்.

பொறியாளரின் மேஜையிலிருந்தே தையல்காரரைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லுங்க. பலகையைப் பாக்கறது யாரு?"

மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது.

"நான் இல்லை மேடம்," என்றார் கடைசியில். "லீவு கேட்டேன், மாத்து ஆள் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு இன்னும் ஒரு கண்ணு மங்கலாத்தான் இருக்கு. ரெண்டு மாசமா என் வீட்டுக்காரிதான் போய்ப் பாக்கறா. நான் போன்ல சொல்றதோட சரி. தப்புத்தான்."

பொறியாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த லீவு விண்ணப்பத்தில் 'மாற்று ஆள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"அவங்ககிட்ட கொடுங்க அண்ணா," என்றாள் ஆத்தக்கா.

வந்த குரல் தொலைபேசி தேவையில்லை என்கிற அளவுக்குக் கணீரென்று இருந்தது. "சொல்லுங்கம்மா. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அந்த மனுஷன் பாவம், ராத்திரி பூரா தூங்கலை."

"திட்டலை அக்கா. ஆறு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எண்ணை விடுங்க. கண்ணுக்கு எப்படித் தெரியுது?"

"நல்லாவே இல்லை. மழைத்தண்ணின்னா செம்மண் கலரா வரணும். இது மெலிஞ்சு போய், பல் விழுந்த வாய் மாதிரி பாறையா இளிக்குது. துவைக்கிற கல்லு கரையில நிக்குது. அது முழுசா வெளியே வந்து நான் கோடையிலகூடப் பார்த்ததில்லை. பள்ளத்துல மீனு துள்ளுதுன்னு ஊரே இறங்கிப் புடிச்சுட்டிருக்கு."

"எத்தனை பேர் இறங்கியிருக்காங்க?"

"முப்பது பேர் இருப்பாங்க. பிள்ளைங்களும் சேர்த்து."

ஆத்தக்கா பொறியாளரைப் பார்த்தாள். அவர் அதற்குள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவங்களை மேல ஏத்துங்க அக்கா. எப்படியாவது. மேல மலைச்சரிவு ஆத்தை அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். உடைஞ்சா ஓடி வரக்கூட நேரம் இருக்காது."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நினைக்கிறேன்."

"சரி," என்றாள் தையல்காரர் மனைவி. அவ்வளவுதான். தொடர்பு துண்டானது.

பொறியாளர் வரிசையாகத் தொலைபேசியில் பேசினார். முதலில் காட்டிலாகாவின் மேல்முகாமுக்கு. அங்கிருந்து ஒரு காவலர் மலைமுகட்டுக்கு நடந்துபோய்ப் பார்க்கச் சம்மதித்தார், ஆனால் மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அடுத்து, கடைக்குட்டியின் கரையில் இருந்த நான்கு சிற்றூர்களுக்கு. கடைசியாக, கரைத்தெருவைக் காலி செய்யும் அதிகாரம் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு.

"காவலர் பார்த்துச் சொன்னப்புறம் தெருவைக் காலி பண்ணலாமேன்னு கேக்கறாங்க," என்றார், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு.

"மூணு மணி நேரம் அணை தாங்கும்னு யார் சார் சொன்னது?"

"இதுவும் பொய்யாப் போச்சுன்னா, அடுத்த தடவை நிஜமா வரப்போ ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதையும் யோசிங்க."

அவள் யோசித்தாள். அவர் சொன்னது உண்மைதான். "அப்ப வந்து திட்டட்டும் சார். திட்டறதுக்கு ஆள் இருக்கணும்," என்றாள்.

பொறியாளர் கையை எடுத்தார். "இல்லைங்க, இப்பவே காலி பண்ணணும். ஆமா. என் பேர்லதான் எழுதிக்குங்க," என்றார்.

கரைத்தெருவில்தான் அவளுடைய தம்பியின் அச்சகம் இருந்தது. போன வருடம் அவள் பேச்சைக் கேட்டு அறுபது காகிதக் கட்டுகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றி, ஒரு மாதம் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தவன் அவன். ஊருக்குச் சொல்லுமுன் தம்பிக்குச் சொல்வது சரியில்லை என்று அவள் அவனைக் கூப்பிடவில்லை. பத்தரை மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"அக்கா, போலீஸ்காரர் மைக்ல கத்திட்டுப் போறார். இது உன் வேலையா?"

"ஆமாடா."

"போன வருஷம் மாதிரியா?"

"தெரியலைடா. தண்ணி வரும்னு நினைக்கிறேன். எவ்வளவு, எப்போன்னு எனக்கே தெரியாது."

பின்னால் அவன் மனைவி எதையோ இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் நீ கண்டிப்பா வரும்னு அடிச்சுச் சொன்னே," என்றான். "இந்தத் தடவை தெரியாதுங்கறே. எனக்கு இப்பத்தான் பயமா இருக்கு. சரி, வச்சிடு. காகிதக் கட்டைத் தூக்கணும்."

"முதுகைப் பார்த்துக்கோ."

"முதுகு கிடக்கட்டும். சொந்த அக்கா, ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் தம்பிக்குச் சொல்லலை. அதை அப்புறம் பேசிக்கிறேன்."

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. முன்கோபி ஏறுவதை நிறுத்தியிருந்தது. பெரியவர் பாலத்தடியில் வழக்கமான மழைக்கால மட்டத்தில், பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தார். ஆத்தக்கா தையல்காரர் வீட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பதினொன்றரைக்குத் தையல்காரரே கூப்பிட்டார். குரலில் பயமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் மேல வந்துட்டாங்க மேடம்."

"எப்படிண்ணா?"

"முதல்ல அவ கத்திப் பார்த்தா. யாரும் திரும்பிக்கூடப் பாக்கலை. 'மழைக்குத் தண்ணி வத்துதுன்னா சந்தோஷப்படுவியா, ஒப்பாரி வைக்கிறியே'ன்னு ஒருத்தர் கேட்டார். அவ பேசாம வீட்டுக்கு வந்தா. ரெட்டைப் போர்வை ஒண்ணு எடுத்தா. கரையில அவங்க கழட்டி வச்ச செருப்பு, சட்டை, துண்டு, சாப்பாட்டுத் தூக்கு, போனு, ஒண்ணு விடாம அள்ளிப் போர்வையில போட்டு முடிஞ்சு, தலையில வச்சுக்கிட்டு மேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஊரே திருடி திருடின்னு கத்திக்கிட்டுப் பின்னாடி ஓடுது. இவளுக்கு நடை ஜாஸ்தி. மேட்டு உச்சியில குடிநீர்த் தொட்டி இருக்கு. அது வரைக்கும் நிக்கவே இல்லை. அங்க போய் மூட்டையைக் கீழ போட்டு அது மேலயே உக்காந்துட்டா. இப்பவும் உக்காந்திருக்கா. எழுந்திருக்க மாட்டேங்கறா."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"அவங்க திட்டலையா?"

"திட்டறாங்களா? என் அப்பன் பாட்டன் வரைக்கும் தோண்டி எடுக்கறாங்க மேடம். ஒரு அம்மா, கல்யாணத்துக்கு எடுத்த செருப்புன்னு அழுவுது. வீட்டுக்காரி, 'தண்ணி வரலைன்னா ஆளுக்கு ஒரு ரவிக்கை இனாமாத் தச்சுத் தரேன்'னு சொல்லிட்டா. தைக்கப் போறது நான்தானே."

பன்னிரண்டே முக்காலுக்குக் காட்டுக் காவலர் பேசினார். மூச்சிரைப்பும் காற்றுமாகக் குரல் விட்டுவிட்டு வந்தது. மலையின் ஒரு பக்கம் தோல் உரித்தது போலச் சரிந்து கிடக்கிறது. ஆறு இருந்த இடத்தில் மண்மேடு. அதற்குப் பின்னால் மரங்களின் நுனி மட்டும் தெரிகிற மாதிரி ஓர் ஏரி. மேட்டின் ஒரு ஓரத்தில் தண்ணீர் வழியத் தொடங்கிவிட்டது. அவ்வளவு சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

ஆத்தக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் கணிப்பு சரி என்பதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தப்பாக இருந்திருக்கலாமே, அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

தண்ணீர் ஒன்று நாற்பதுக்கு வந்தது. அதைத் தையல்காரர் மனைவியே சொன்னாள். முதலில் ஈரமண் வாசனை வந்ததாம், வயலை உழுத மாதிரி. பிறகு பாறைகள் உருளும் சத்தம். பிறகு வளைவில் மரங்கள் நின்றபடியே நகர்ந்து வருவது போலத் தெரிந்ததாம். தண்ணீரே அப்புறம்தான் கண்ணில் பட்டது. துவைக்கிற கல், மீன் பிடித்த பள்ளங்கள், பாலத்தின் கைப்பிடி எல்லாம் நாலு நிமிடத்தில் போயின.

"பலகையும் போச்சும்மா," என்றாள். "இனிமே எண்ணு கேக்காதீங்க. என் கண்ணுக்கு ரெண்டு ஆள் உயரம்."

"அது போதும் அக்கா."

"ஒருத்தர் விடாம எண்ணிட்டேன். முப்பத்தி நாலு." பிறகு, "இப்பத்தான் மூட்டையை விட்டு எழுந்தேன்," என்றாள்.

நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் கடைக்குட்டியின் வேகம் பாதி தணிந்திருந்தது. வழியில் வயல்களில் பரவி, கடைசியில் பெரியவரோடு சேர்ந்து ஐந்தரை மணிக்குக் கரைத்தெருவில் ஏறியது. இடுப்பளவு. கடைகளின் கதவுகளைத் தட்டியது, சிலவற்றைத் திறந்தது, ஒரு பெட்டிக்கடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தின் முனையில் பத்திரமாக இறக்கி வைத்தது. தெருவில் ஒரு மனிதர் இல்லை. மாடிகளிலும் பள்ளிக்கூடத்திலும் நின்று எல்லோரும் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து, முழங்கால் சேற்றை விட்டுவிட்டுப் போனது. தம்பி காகிதத்தை எல்லாம் ஏற்றியிருந்தான். கனமான அச்சு இயந்திரத்தை மட்டும் நகர்த்த முடியவில்லை. மறுநாள் அவள் போனபோது அவனும் அவன் மனைவியும் பழைய பல்துலக்கிகளை வைத்து அதன் பற்சக்கரங்களில் சேறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒரு பல்துலக்கியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊருக்கு முன்னால் தம்பிக்குச் சொல்லாத விஷயத்தை அவன் அப்போதுதான் பேசித் தீர்த்தான். முக்கால் மணி நேரம் பேசினான்.

பொறியாளர் அறிக்கை எழுதினார். அதில் 'அளவு எடுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. தையல்காரரின் பெயரைப் போட்டால் சிக்கலில்லாமல் முடிந்துவிடும். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தையல்காரரின் மனைவி என்று எழுதினார். அடுத்த கட்டத்தில், லீவு மறுத்தது தானே என்றும் எழுதினார். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. விளக்கம் கொடுத்தார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டது. அதையும் கொடுத்தார். ஒன்றரை மாதம் கழித்து, தையல்காரர் மனைவியையே அளவாளராக நியமித்துத் தாள் வந்தது. தையல்காரர் மாற்று ஆள்.

புதுப் பலகை பதிக்க ஆட்களை அனுப்பியபோது ஆத்தக்காவும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் கடைக்குட்டியை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வரைபடத்தில் சுண்டுவிரல் நீளம் இருந்த ஆறு, பாறைக்குப் பாறை பேசிக்கொண்டு பக்கத்திலேயே கூட வந்தது. கணீரென்ற குரலை வைத்துத் தையல்காரர் மனைவியை அவள் ஆகிருதியான பெண்ணாக நினைத்திருந்தாள். வாசலில் நின்றவள் ஆத்தக்காவின் தோள் உயரம்தான் இருந்தாள்.

"நீங்க இவ்வளவு உயரமா?" என்றாள் அவளும், அதே குரலில். "போன்ல குட்டையாக் கேட்டீங்களே!"

தையல்காரர் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கும்பிட்டார். வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கொக்கிகளில் பாதி தைத்த சட்டைகள், வெட்டுகிற பெரிய மேஜை. டீ குடிக்கும்போது தையல்காரர் மனைவி கேட்டாள்: "அம்மா, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இந்தத் தண்ணி இங்கேருந்து உங்க ஊருக்கு வருது, சரி. அப்புறம் எங்க போவுது? நான் எங்க ஊர்ப் பாலத்தைத் தாண்டிக் கீழ போனதே இல்லை."

ஆத்தக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். மேஜையில் அளவு வெட்டுகிற பழுப்புத் தாள் விரித்திருந்தது. துணியில் கோடு போடுகிற நீலச் சுண்ணக்கட்டியை எடுத்து, நடுவில் பெரியவரை வரைந்தாள். மேற்கே முன்கோபி. அவன் கதையைச் சொன்னாள். சோம்பேறியை வளைத்து வளைத்து வரைந்தபோது தையல்காரர், "என் மச்சான் மாதிரி," என்றார். "என் அண்ணனை இழுக்கலைன்னா உங்களுக்குத் தூக்கம் வராது," என்றாள் மனைவி. இரட்டைச்சடையைப் பின்னிச் சேர்த்தாள். கடைசியாகக் கடைக்குட்டியை வரைந்தாள். நகரத்தை ஒரு புள்ளியாக வைத்தாள். அங்கிருந்து கிழக்கே தாளின் விளிம்புவரை இழுத்து, விளிம்பைத் தாண்டி மேஜைப் பலகையிலும் கொஞ்சம் இழுத்து, "இங்க கடல்," என்றாள்.

தையல்காரர் மனைவி தாளின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கடலிலிருந்து விரலை வைத்து மேலே மேலே வந்து, கடைக்குட்டியில் நிறுத்தினாள்.

"எல்லாம் சரி. ஆனா இங்க ஒண்ணை விட்டுட்டீங்க," என்றாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஓடை வந்து சேருது. எட்டு மாசம் தண்ணி இருக்கும்."

"எங்க படத்துல அது இல்லையே அக்கா."

"உங்க படத்துல இல்லைன்னா? வாங்க, காட்டறேன்."

பின்கதவைத் திறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் சரிவில் இறங்கினார்கள். புதர்களுக்கு நடுவே, இரண்டு அடி அகலத்தில், தெளிந்த தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆத்தக்கா குந்தி உட்கார்ந்து அதில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"இதுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் யாரு வச்சா?" என்றாள் தையல்காரர் மனைவி. "தண்ணி வேணும்னா வந்து எடுத்துக்குவோம்."

மேலே வீட்டுக்குள் தையல் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆத்தக்கா கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.